ராகேலைப் பற்றி எங்கள் சபைப் பெண்கள் சொன்னது

பிப்ரவரி 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். புதிதாக வந்திருக்கும் ஐயரம்மா, அதாவது எங்கள் போதகர் ஐயரின் மனைவி சுகந்தி, ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். உள்ளே எல்லாம் ஒரே புத்தகம். ‘தேரிக்காட்டு ராகேல்’ என்று பெயர். நம் பக்கத்துச் சபைகள் தோன்றிய காலத்தில், ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் நடக்கிற காதல் கதையாம். எழுதியவர் மதுரையில் ஒரு கல்லூரி ஆசிரியை.

“காதல் கதையா? லெந்து நாள், உபவாசம் இருக்கிற காலம் வரப்போவுது. நம்ம சங்கத்துல இதையா வாசிக்கணும்?” என்றார் மேபல் மைனி.

“விசுவாசமும் இருக்குக்கா. எல்லாரும் வாசிச்சுட்டு அவங்கவங்களுக்குப் பட்டதச் சொல்லட்டும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கூட்டம் வச்சுப் பேசுவோம்” என்றார் ஐயரம்மா. பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டுமென்று இந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது.

மைனி சற்று யோசித்தார். “சரி. எப்சி எல்லார்ட்டயும் கேட்டு எழுதட்டும். டீச்சர்தான. சாயங்காலம் அவளுக்கு வேற என்ன சோலி?”

மேபல் மைனி என் கணவரின் அக்கா, சங்கத் தலைவியும் அவர்தான். நான் மறுத்துப் பேசவில்லை. சாயங்காலம் எனக்கு என்ன சோலி என்று யாராவது ஒருநாள் வந்து பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் அத்தை, என் கணவரின் அம்மா, “எனக்கும் வாசிச்சுக் காட்டு” என்றார்கள். கண்ணில் நீரழுத்தம் வந்து இரண்டு வருடமாக வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது அவர்களுக்கு. பைபிளை நான் வாசிக்கக் கேட்பது வழக்கம். கதைப் புத்தகம் கேட்பது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 12, செவ்வாய்

ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்தி முடித்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் முதல் அதிகாரம் வாசித்தேன்.

ராகேல் பனையேறி வீட்டுப் பெண். ஞானஸ்நானம் பெற்ற மூன்றாம் மாதம் புருஷன் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோகிறான். மாமியார் பழைய சாமியையே கும்பிடுகிறவள். ‘நீ வேதத்துல சேந்ததாலதான் எம்புள்ள செத்தான்’ என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள். ஆனாலும் இரண்டு பெண்களும் ஒரே குடிசையில்தான் இருந்தாக வேண்டும்.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்கள். அதிகாரம் முடிந்ததும், “எழுதினவளுக்கு மாமியார் இருக்காளா?” என்றார்கள்.

“தெரியாது அத்தை.”

“இருக்கா. இல்லன்னா அந்த அழுகை எழுத வராது.”

நான் சிரித்தேன். என் கணவர் இறந்த அன்று அத்தை என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருடம் ஆகிறது. எங்கள் மகள் ஜெனிட்டா சென்னையில் வேலை பார்க்கிறாள். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

பிப்ரவரி 15, வெள்ளி

அத்தைக்குச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. பள்ளிவிட்டு வரும்போது மருந்துக்கடைக்குப் போனேன். நேற்றே போயிருக்கலாம், நேற்று கடையில் வேலைக்கார ஆள் மட்டும்தான் இருந்தான்.

கடைக்காரர் ஆசீர் சார் என் பையில் துருத்திக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்து, “என்ன டீச்சர், காதல் கதையெல்லாம் வாசிக்கீங்க?” என்றார். சங்க வேலை என்றேன். தானும் வாசிக்கலாமா என்றார். ஆண்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன். “கேக்காட்டாலும் சொல்லுவேன்” என்றார்.

அவருடைய மனைவி புற்றுநோயில் தவறி நான்கு வருடம். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

கருத்துகள் வர ஆரம்பித்துவிட்டன. தபால்காரர் மனைவி லில்லி: “அழுகை அழுகையா வந்துச்சுக்கா. அடுப்புல குழம்பு அடிபிடிச்சதும் தெரியல.” கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையின் அம்மா: “அந்தக் காலத்துல நம்ம ஆளுக இவ்வளவு சுத்தமாவா பேசிருப்பாவ?” நர்ஸ் வேலை பார்க்கும் டாப்னி: “ஒரு முத்தம்கூட இல்ல. இது காதல் கதையா?” டாப்னியின் கருத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ‘காதல் காட்சிகள் அடக்கமாக உள்ளன’ என்று எழுதினேன்.

கதையில் சபையை நடத்தும் உபதேசியார் யோவான் வந்துவிட்டார். புதிதாக வேதத்தில் சேர்ந்தவர்களை ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாததால், செம்மணல் மேடான தேரியில் தனிக் கிணறு தோண்டுகிறார். ராகேல் மண் சுமக்கிறாள். ஐந்து வருடம் இப்படியே போகிறது. இருவரும் பேசிக்கொள்வது தண்ணீரைப் பற்றி மட்டும்தான்.

அத்தை: “அவன் எதுக்கு அவகிட்ட மட்டும் தண்ணி எவ்வளவு ஊறிருக்குன்னு சொல்லுதான்?”

“வேலை விஷயம் அத்தை.”

“ஓகோ.”

மார்ச் 6, சாம்பல் புதன்

ஆராதனைக்கு அத்தையை ஆட்டோவில் கூட்டிப்போனேன். வாசலில் ஆசீர் சார் அத்தையின் இன்னொரு கையைப் பிடித்துப் படியேற்றினார்.

மார்ச் 9, சனி

ஜெனிட்டா பேசினாள். அவளுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். “ஏம்மா, அந்த ராகேல் எதுக்கு எல்லாத்துக்கும் ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்கா? புடிச்சிருக்குன்னா போகவேண்டியதுதான?” என்றாள்.

“அந்தக் காலம் அப்படி.”

“இந்தக் காலம் எப்படிம்மா?”

சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். அவள் அப்பா மாதிரியேதான். சுற்றி வளைக்கத் தெரியாது.

மார்ச் 16, சனி

இன்று சொட்டு மருந்து வாங்க வேண்டிய நாள் இல்லை. ஆனால் ஆசீர் சாரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். சென்னையிலிருந்து புதுச் சரக்கு வந்ததாகச் சொன்னார். அத்தை படுத்திருந்தார்கள். நான் காபி போட்டேன். புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டாராம்.

“என் கருத்து ஒண்ணுதான் டீச்சர். உபதேசியார் ரொம்பத் தாமதம். அஞ்சு வருசம் கெணறு தோண்டினா யாருக்குப் புரியும்? வாயத் தொறந்து கேட்டிருக்கணும்.”

அந்தக் கருத்தையும் எழுதிக்கொண்டேன். சங்கத்தில் வாசிக்க மாட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

தலைவலி. கோயிலுக்குப் போகவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

முந்தாநாள் தலைவலி என்று எழுதியிருக்கிறேன். தலைவலி இல்லை.

சனிக்கிழமை ஆசீர் சார் அதோடு நிறுத்தவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நான் கேட்டுருதேன்” என்றார். கேட்டார். நல்ல வார்த்தைகளில்தான் கேட்டார். லெந்து முடியட்டும், அவசரமில்லை, மகளிடமும் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அவர் போகும்வரை வெளியே வரவில்லை. நாற்பத்தாறு வயதுப் பொம்பளை செய்கிற காரியமா அது?

இன்று வகுப்பில் பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

கடைசி அதிகாரத்துக்கு முந்தையதை வாசித்தேன். இதுதான் கதையின் உச்சம் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். யோவான் உபதேசியாரைத் தெற்கே ஒரு புதுச் சபைக்கு மாற்றுகிறார்கள். அவர் ராகேலைக் கேட்கிறார். ஊர் இரண்டாகப் பிரிகிறது. விதவையை எப்படி உபதேசியார் கட்டலாம் என்கிறது ஒரு பக்கம். ராகேல் இரவெல்லாம் ஜெபித்துவிட்டு, விடியற்காலையில் மாட்டுவண்டியில் ஏறி அவரோடு போகிறாள். தேரிமேல் சூரியன் உதிக்கிறது. அதிகாரம் முடிந்தது.

நான் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

“அந்தக் கெழவி என்ன ஆனா?” என்றார்கள் அத்தை.

“எந்தக் கிழவி?”

“மாமியாக்காரி. அத்தன நாளு ஒரே குடிசையில கெடந்தாளே. வண்டி போனப்போ அவ எங்க நின்னா?”

பக்கங்களைப் புரட்டினேன். பின்னால் இருந்த கடைசி அதிகாரத்தையும் வேகமாகப் பார்த்தேன். அதில் பத்து வருடம் கழித்து ராகேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். இரண்டு பிள்ளைகள். மாமியாரைப் பற்றி ஒரு வரி இல்லை.

“எழுதல அத்தை.”

“மறந்துட்டா” என்றார்கள் அத்தை. “நல்லாத்தான் எழுதுனா. கடைசில கெழவிய மறந்துட்டா.”

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். இன்றைய வாசகர் கருத்து அதுதான்.

மார்ச் 27, புதன்

அத்தைக்குத் தெரிந்திருக்கிறது.

தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அத்தை சொன்னார்கள்: “மருந்துக்கடைக்காரன் வீடு தேடி வந்து சொட்டு மருந்து குடுத்தத நான் இந்த ஊர்ல கேள்விப்பட்டதில்ல. நான் தூங்கலட்டி அன்னைக்கு.”

சீப்பு என் கையில் நின்றது.

“நல்ல பையன்தான். பொண்டாட்டிய எப்படிப் பாத்தான்னு ஊருக்கே தெரியும். நான் தப்புச் சொல்லல.” பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “ஆனா நீ போயிட்டா என்ன யாரு கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போவா?” என்றார்கள்.

அத்தை அழவில்லை. விலை கேட்பது போலத்தான் கேட்டார்கள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். “எங்கயும் போகல அத்தை” என்றேன்.

மார்ச் 28, வியாழன்

கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

“அத்தையாலயா?” என்றார்.

“ஆமா.”

“அவங்களயும் கூட்டிட்டு வாங்க டீச்சர். எங்க வீட்ல கீழயே ரெண்டு ரூம் இருக்கு.”

“வரமாட்டாங்க சார். மகன் கட்டின வீட்ட விட்டுட்டு இன்னொருத்தர் வீட்ல போயி உக்காந்து சாப்பிட அவங்களுக்கு மனசு வராது. நான் போய் அதக் கேட்டாலே அவங்க செத்துப்போவாங்க.”

அவர் மருந்துச் சீட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “சொட்டு மருந்து மட்டும் வாங்க வராம இருந்துராதீங்க.”

வீட்டுக்கு வந்து தோசைக்கு அரைத்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நான் சொன்ன பதில் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அவர் வீட்டுக்கு வந்து போனது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மதியம் மேபல் மைனி வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

“எந்தம்பி கட்டின வீட்டுக்குள்ள யாரு யாரெல்லாம் வாரா எப்சி?”

“மைனி, அவர் கேட்டது உண்மை. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்.”

“கேக்கிற அளவுக்கு நீ எடம் குடுத்திருக்கல்ல? அஞ்சு வருசம் நல்லாத்தான இருந்த? இந்தப் புத்தகத்த வாசிச்சு எல்லாருக்கும் புத்தி பேதலிச்சுப்போச்சு. எங்கம்மாவ நடுத்தெருவுல விட்டுட்டுப் போலாம்னு பாத்தியோ?”

நான் பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“மேபல், என் சேலையெல்லாம் எடுத்து வை. நான் உங்கூட வாரேன்.”

மைனி திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “இப்பவாம்மா?” என்றார்.

“இப்பத்தான்.”

ஐந்து வருடத்தில் மைனி ஒருதடவைகூட வாவென்று அழைத்ததில்லை. அழைக்கக் கூடாதென்று இல்லை, அவர் வீட்டில் மருமகள், பேரப்பிள்ளைகள், இரண்டு அறைகள். ஆனால் இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? சேலைகளை நான்தான் மடித்துக் கொடுத்தேன். சொட்டு மருந்து எப்போது போட வேண்டும் என்று சொன்னேன். ஆட்டோ ஏறும்போது அத்தை என் பக்கம் கையை நீட்டவில்லை.

நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. போகமாட்டேன் என்றுதானே சொன்னேன்.

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 13, சனி

அத்தையைப் பார்க்க மைனி வீட்டுக்குப் போனேன். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், குறை சொல்லக் கூடாது. கூடத்தின் ஓரத்தில் கட்டில். பிள்ளைகள் டிவி பார்க்கிறார்கள், அந்தச் சத்தத்தில் அத்தை உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாக்கெட் ஒரு நிறம், சேலை ஒரு நிறம். அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மைனி காபி போட உள்ளே போனதும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

“அவனுக்கு என்ன சொன்ன?”

“முடியாதுன்னு போன மாசமே சொல்லியாச்சு அத்தை.”

“அப்போ நான் எதுக்கு இங்க வந்து கெடக்கேன்?”

எனக்குப் புரிய நேரமாயிற்று. அதுவரை என்மேல் கோபித்துக்கொண்டுதான் போனார்கள் என்று நினைத்திருந்தேன்.

“உங்கள இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?”

“அந்தக் கதையில ராகேல் வண்டில போகையில திரும்பிப் பாத்தாளா?”

“இல்ல.”

“அதான். பாத்திருந்தா போயிருக்க மாட்டா. நீ பாக்காத, போ.”

மைனி காபியோடு வந்துவிட்டார். அத்தை கையை எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை எப்போது என்று மைனி கேட்டார். சொன்னேன்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை, மத்தியானம் மூன்று மணி நேரம். கோயில் நிறைய ஆட்கள். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாம் வார்த்தை ‘அதோ, உன் தாய்’. அந்தப் பிரசங்கத்தின்போது எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே மின்விசிறி சரியாக ஓடவில்லை.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

ஜெனிட்டா வந்திருக்கிறாள். ஆட்டுக்கறி எடுத்தேன். அத்தைக்கு ஒரு தூக்கில் கொடுத்துவிட்டேன். மத்தியானம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்பா இருந்தா அவருக்கு ஆசீர் மாமாவப் புடிக்கும்மா” என்றாள். என்ன பேச்சு இது என்று அதட்டினேன். பிறகு இருவருமே அழுதோம். அவளுக்கு நாளைக்கு ரயில்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கூட்டம் நடந்தது. இதை முழுவதும் எழுத வேண்டும்.

கோயிலுக்குப் பக்கத்து மன்றத்தில் நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள். மைனி அத்தையை முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். ஐயரம்மா ஜெபம் பண்ணினார். நான் தொகுத்த கருத்துகளை வாசித்தேன். லில்லியின் அடிபிடித்த குழம்புக்குச் சிரித்தார்கள். டாப்னியின் கருத்தைத் திருத்தாமல் அவள் சொன்னபடியே வாசித்தேன். அதற்கும் சிரித்தார்கள். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு தலைவி பேச வேண்டும். மைனி எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“வசன நடை நல்லா இருக்கு. சரித்திரம் நல்லா இருக்கு. ஆனா நம்ம பிள்ளைகளுக்கு இந்தக் கதையக் குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லுதேன். ஏன்னா ராகேல் செஞ்சது பாவம். ஒரு வயசான பொம்பளைய, கண்ணீர் விட்டுக்கிட்டு இருக்கவள, தனியா விட்டுட்டு ஒருத்தன் பின்னால போயிட்டா. அது அன்பு இல்ல, இச்சை. வேதத்துல ரூத்தப் பாருங்க. மாமியார விடாமப் பிடிச்சுக்கிட்டா. ஒரு விதவைக்கு மாதிரி அவதான்.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காததிலேயே எல்லாருக்கும் தெரியும் என்று தெரிந்தது.

ஐயரம்மா மெதுவாகச் சொன்னார்: “ரூத்தும் ரெண்டாவது கல்யாணம் பண்ணினவதான அக்கா. போவாஸக் கட்டச் சொன்னதே மாமியார்தான்.”

“அது மாமியார் சொன்னா. இங்க எந்த மாமியார் சொன்னா?” என்றார் மைனி. “புத்தகத்துல அந்தக் கெழவியோட கண்ணீரப் பத்தி ஒரு வரி உண்டா? அந்தப் பாவப்பட்ட ஜென்மம்—”

“மேபல், கெழவிய எடுத்து அவ மேல எறியாத.”

அத்தை எழுந்து நின்றார்கள். பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றிற்று.

“நானும் இந்தக் கதையக் கேட்டேன். எம்மருமக வாசிச்சுக் காட்டுனா. என் கருத்த யாரும் கேக்கல, சொல்லுதேன். கெழவிய மறந்துட்டாளேன்னு எழுதினவ மேல எனக்கும் கோவம்தான். மூணு வாரமா மக வீட்ல உக்காந்து அதையேதான் நெனச்சேன். ஆனா கோவம் ராகேல் மேல இல்ல. எழுதினவ மேலயும் இப்ப இல்ல. கெழவி மேலதான்.”

அத்தை மைனியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.

“அவளுக்கு வாய் இல்லையா? வண்டி வாசல்ல நிக்குது. மருமக ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணுதா. இவ பேசாமப் படுத்துக் கெடக்கா. வீம்பு. மகன் குடிசைய விட்டு எப்படிப் போறதுன்னு வீம்பு. அவன் செத்து எத்தன வருசம் ஆச்சு. சோறு போட்டது குடிசையா? இவதான போட்டா.” மூச்சு வாங்கினார்கள். “நானா எழுதியிருந்தா கெழவியையும் வண்டில ஏத்தியிருப்பேன். அவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டார்கள்.

ஐயரம்மா என்னைப் பார்த்தார். “எப்சி அக்கா, நீங்க எல்லாரோடதும் வாசிச்சீங்க. உங்க கருத்து என்னன்னு சொல்லவே இல்லயே?”

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் தினமும் நிற்கிறவள் நான். “ராகேல் செஞ்சது சரி” என்றேன். “வண்டி ஏறினது சரி. கேக்காம விட்டதுதான் தப்பு. அவ மாமியார்ட்ட வாங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். வரமாட்டாங்கன்னு அவளாவே முடிவு பண்ணிட்டா.” பிறகு அத்தையின் பக்கம் திரும்பிக் கேட்டேன். “அத்தை, வாறியளா?”

அத்தை சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டார்கள். “அந்த வீட்ல எத்தன படி?” என்றார்கள்.

கூட்டம் எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. யாரோ கீர்த்தனை ஆரம்பித்தார்கள். மைனி தன் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, முடிப்பு ஜெபத்துக்கு நிற்காமல் போய்விட்டார். அத்தையை நான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையென்று பாதிக் கதவு சாத்தியிருந்தது. “அத்தையும் வருவாங்க” என்றேன். ஆசீர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “படி மூணுதான். அதையும் இடிச்சுச் சரிவாப் போட்டுருவோம்” என்றார். அத்தை கேட்டது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஊரே வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டதாம்.

மே 1, புதன்

மைனி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவருடைய மருமகள், தன் மாமியாருக்குத் தலைவலி, படுத்திருக்கிறார் என்றாள். அந்தத் தலைவலி எனக்கும் வந்ததுதான். திரும்பி வந்துவிட்டேன்.

மே 5, ஞாயிறு

இன்று கோயிலில் எங்கள் திருமண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். என் பெயர், என் அப்பா பெயர், பிறகு ‘விதவை’ என்றார் ஐயர். அவர் பெயரோடு ‘தாரமிழந்தவர்’ என்றார். இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வருடத்துக்கு முன் இதே இடத்தில் இன்னொருவர் பெயரோடு என் பெயரை வாசித்தபோது, அவர் ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதை நினைத்தேன். நினைத்ததற்கு வருத்தப்படவில்லை. அத்தையின் கை என் கைக்குள் இருந்தது. அவர்களும் அதைத்தான் நினைத்திருப்பார்கள், உள்ளங்கை வியர்த்திருந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்கள்.

வெளியே வரும்போது படியில் கூட்டம். அத்தையை ஒரு பக்கம் நான் பிடித்திருந்தேன். இன்னொரு பக்கம் ஒரு கை வந்து பிடித்தது. மேபல் மைனி. என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கிய பிறகு, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அம்மா வலப்பக்கமாத்தான் படுப்பா. சுவர் அந்தப் பக்கம் இருக்கணும், இல்லன்னா ராத்திரி பயப்படுவா. அந்த வீட்ல கட்டில அப்படிப் போடச் சொல்லு.”

“சரி மைனி” என்றேன். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஐந்து வருடமாக நான்தான் கட்டிலைப் போட்டேன். ஆனாலும் அவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

“நீங்களே வந்து ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்” என்றேன் பிறகு.

வெயில் ஏறியிருந்தது. மைனி அத்தையின் தலைமேல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார். ஆட்டோ வரும்வரை எங்களோடு நின்றார்.